நிலைப்படிப் போட்டி

என் பேரன் முதன்முதலில் தாண்டுவது என் வீட்டு வாசற்படியாகத்தான் இருக்க வேண்டும். உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி. இந்தச் சபதத்தை ஓர் ஆவணி மாதக் காலையில், பாதி முகத்துக்குச் சவரம் செய்திருந்தபோது எடுத்தேன். எடுத்த வேகத்தில் மீதிப் பாதியை மறந்து அப்படியே வேலைக்குப் போய்விட்டேன். என் உறுதியை இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

காரணம் பொறாமை. வேறு பெயர் வைத்து மழுப்ப மாட்டேன். என் சம்பந்தி பிச்சைமுத்துவைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

பெயரில்தான் பிச்சை. ஆள் பிறை என்ற ஊரில் ரயில்வே உத்தியோகம். ரயில்வே கொடுத்த வீடு, ரயில்வே கொடுத்த கோட்டு. தொப்பை மட்டும் சொந்தம். நான் பினாங்குக் கடற்கரையோரம் ஒரு கிடங்கில் கிராணி. மூட்டை உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். என் கோட்டு நானே வாங்கியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகள் சந்திரிகாவை அவர் மகன் ராமதாஸுக்குக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குத் தைப்பிங் பக்கம் தோட்டத்தில் வேலை. அங்கிருந்து எங்களைப் பார்க்க வர வேண்டுமானால் ரயில் ஏற வேண்டும். அந்த ரயில் பிறையோடு நின்றுவிடும். அதற்குமேல் கடல், பெர்ரிப் படகு. ஆகவே என் பேரன் ரயிலிலிருந்து இறங்குவதே சம்பந்தி மடியில்தான். அவர் கொஞ்சித் தீர்த்த பிறகு மிச்சம் மீதிதான் கடல் தாண்டி என்னிடம் வரும். நடுவில் கடலை வைத்த ஆண்டவன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் ஜனங்களுக்குள் பிள்ளை செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பலகாரம் உண்டு. பயல் குப்புற விழுந்தான். எங்கே? பிறையில். கொழுக்கட்டை அவித்தார்கள். முதல் பல் முளைத்தது. எங்கே? பிறையில். மறுபடியும் கொழுக்கட்டை. இரண்டு தரமும் தூக்குச்சட்டி நிறைய எங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்தவன் பெருமையை வெல்லம் போட்டு அவித்து அனுப்பினால் எப்படி விழுங்குவது? விழுங்கினேன். ருசியாக வேறு இருந்தது. அதிலும் பொறாமை.

மிஞ்சியது வாசற்படி. தவழ்கிற பிள்ளை தானாக நிலைப்படியைத் தாண்டிவிட்டால், படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்து, கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுப்பார்கள். எந்த வீட்டுப் படியோ அந்த வீட்டுத் தாத்தாவுக்கு ஆயுசு முழுக்கப் பேச ஒரு பேச்சு.

பிள்ளையார் சதுர்த்திக்குச் சில நாள் முன்பு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வழக்கம்போல் முதலில் பிறை. மாப்பிள்ளைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகி அவர் பிறையிலிருந்தே அங்கே போய்விட்டார். புது வீடு தயாராகும் வரை, அதாவது தீபாவளி மட்டும், தாயும் பிள்ளையும் பிறையில் இருப்பதாக ஏற்பாடு. மகனைப் பெற்ற வீடு. நாம் என்ன பேச முடியும்? நடுவில் இரண்டு நாள் எங்களோடு இருக்கட்டும் என்று சம்பந்தியே கொண்டுவந்து விட்டுப்போனார். சதுர்த்தியன்று வந்து கூட்டிப்போவாராம்.

நான் வேலை முடிந்து வந்ததும் என் மனைவி வடிவம்மாளை அடுக்களையில் மடக்கினேன்.

"வடிவு! பிறையில தாண்டிட்டானா?"

"என்னத்த?"

"படிய!"

"தாண்டலியாம். படிக்கிட்ட வந்து உக்காந்து வேடிக்கை பாத்துட்டுத் திரும்பிட்டானாம்."

ஒரு பிடி சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"பேரன் படி தாண்டலேன்னு சர்க்கரை திங்கிற தாத்தாவ இந்தப் பினாங்குல எங்கியும் பாக்க முடியாது" என்றாள் வடிவு.

ஆனால் என் வீட்டுப் படியில் ஒரு சிக்கல். வீடு ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கட்டியது. பேய் பிசாசு உள்ளே நுழையக் கூடாதென்று நிலைப்படியை முழங்கால் உயரத்துக்கு வைத்துவிட்டான். பேய் வரவில்லை, உண்மைதான். வடிவின் தம்பிமார் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் என் பேரன் எப்படித் தாண்டுவான்? சம்பந்தியின் ரயில்வே வீட்டுப் படி நாலு விரல் உயரம். அதைத் தூக்கத்திலேயே தாண்டலாம்.

என் மூளை வேலை செய்தது. கிடங்கில் மூட்டைகளை உயரத்துக்கு ஏற்ற என்ன செய்கிறோம்? சாய்வாகப் பலகை போடுகிறோம். மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு அகலப் பலகையை ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தேன். படிக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. அவ்வளவுதான். பிள்ளை ஏற வேண்டியது, இறங்க வேண்டியது.

"ஏங்க, அது பிள்ளையா, அரிசி மூட்டையா?" என்றாள் வடிவு.

"மூட்டையே ஏறுது, பிள்ளை ஏற மாட்டானா?"

பயல் ஏறினான். பாதி வரை ஏறினான். அங்கே திரும்பி உட்கார்ந்து, சர்ரென்று சறுக்கிக் கீழே வந்து, கை தட்டிச் சிரித்தான். மறுபடி ஏறினான். மறுபடி சறுக்கினான். வெல்லக்கட்டியைக் காட்டினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். காக்கா மாதிரிக் கத்தினேன். பயல் சறுக்குவதற்கென்றே பிறந்தவன்போல் சறுக்கினான். சரி, செய்து காட்டினால்தான் புரியும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே பலகையில் நாலு காலால் ஏறி, படியைத் தாண்டி, அந்தப் பக்கம் நடைபாதையில் தலைகீழாக இறங்கினேன்.

மூக்குக்கு நேரே இரண்டு செருப்பு. நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த வீட்டுக் கயிற்றுக்கடை காஜா மொய்தீன்.

"என்னா கிராணியாரே, மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா?"

"இல்ல பாய். பேரனுக்குப் படி தாண்டக் கத்துக் குடுக்கிறேன்."

"பேரன் எங்கே?"

திரும்பிப் பார்த்தேன். வடிவு பயலை எப்போதோ தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

"பரவால்ல லா" என்றார் காஜா மொய்தீன். "நீங்க தாண்டிட்டீங்கல்ல? வீட்டுல கொழுக்கட்டை அவிக்கச் சொல்லுங்க."

சதுர்த்தி விடிந்தது. எனக்குக் கடைசி நாள். பதினொரு மணிப் பெர்ரியில் சம்பந்தி வந்துவிடுவார். காபியைக்கூடக் குடிக்காமல் பலகை அருகே பயலை இறக்கிவிட்டு, சாவிக்கொத்தோடு உட்கார்ந்தேன். பயல் உற்சாகமாகக் கையை ஊன்றினான். அப்போது பார்த்து வடிவு வந்தாள்.

"ஏங்க, பிள்ளையாருக்கு அருகம்புல் வாங்கலியே!"

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீங்க மனுசனா நின்னாத்தான சொல்றதுக்கு? நாலு கால்ல இல்ல போய்ட்டிருந்தீங்க!"

"பாசார்ல எவனாச்சும் கொண்டாருவான், அப்புறம் போறேன்."

"புல்லு இல்லாமப் பூசை பண்ணிக்குங்க. அவர் கோவிச்சுக்கிட்டு, பேரனைப் படி தாண்ட விடாமப் பண்ணினா எங்கிட்ட வராதீங்க."

பிள்ளையார் விக்கினம் தீர்ப்பவர். வைக்கவும் தெரிந்தவர். ஓடினேன். பாசாரில் புல் இல்லை. கடைசியில் கோட்டைப் பக்கத்துத் திடலில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சீக்கியப் போலீஸ்காரர் வந்து, "மாட்டுக்கா?" என்று மலாயில் கேட்டார். "இல்லை, யானைக்கு" என்றேன். அவர் ஒரு எட்டுப் பின்வாங்கிவிட்டார்.

மூச்சிரைக்க வீடு வந்தால் வாசலில் பலகைகளைக் காணோம்.

"பலகை எங்க வடிவு?"

"கொல்லையில. காயப் போட்டிருக்கேன்."

"பலகைய எவளாச்சும் காயப் போடுவாளா?"

"பூசை நாளும் அதுவுமா வாசல்ல கிடங்குச் சாமான் கிடக்கணுமா?"

"சரி, பிள்ளைய இறக்கி விடு."

"எறும்பு."

"எங்க எறும்பு?"

"வரும்."

பயல் அவள் இடுப்பில் ராஜா மாதிரி இருந்தான். சந்திரிகா அடுப்பருகில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். புகை என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு நேரமும் இல்லை. சம்பந்தி வந்துவிட்டார். எங்கள் நிலைப்படியில் முழங்காலை நன்றாக முட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அந்த மட்டும் ஒரு ஆறுதல்.

பூசை முடிந்தது. வாழையிலையில் கொழுக்கட்டை வந்தது. சம்பந்தி ஒன்றைக் கையில் எடுத்தார். பேரனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் தேன் ஒழுகுகிற குரலில் கேட்டார்.

"என்ன சம்பந்தி, பயல் இங்க படி தாண்டினானா?"

அந்தக் குரல்தான் என்னைக் கெடுத்தது. தாண்டவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வயிற்றிலிருந்த எரிச்சல் முந்திக்கொண்டது.

"தாண்டிட்டான்!"

"எப்ப?"

"காலைல. விடிஞ்சும் விடியாத நேரம். இந்தக் கண்ணால பாத்தேன். ஒரே தாவு!"

"இம்மாம் உசரப் படியவா?"

"எங்க வீட்டு ரத்தம் சம்பந்தி!"

வடிவின் கையிலிருந்த தம்ளர் டங்கென்று தரையில் உட்கார்ந்தது. நான் கவனிக்கவில்லை. சம்பந்தியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழி போன கொழுக்கட்டை அப்படியே நின்றுவிட்டது. மீசை தொங்கியது. ஆகா! எத்தனை தூக்குச்சட்டிக்குப் பதில் அது! அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பொறாமையே இல்லை. அவருக்கு இருந்தது.

பிறகு மெதுவாக அவர் முகம் தெளிந்தது. எழுந்து கை துடைத்துக்கொண்டார்.

"அப்பச் சரி. சம்பந்தியம்மா, வாக்குன்னா வாக்குதான். சந்திரிகாவ மூட்டையக் கட்டச் சொல்லுங்க."

"என்ன வாக்கு?" என்றேன்.

"ஒங்களுக்குச் சொல்லலியா? அன்னிக்கு நான் பிள்ளையக் கொண்டாந்து விட்டப்ப சம்பந்தியம்மாதான் நியாயம் சொன்னாங்க. ரெண்டு வீட்டுக்கும் மனக்குறை வேண்டாம். படி ஒரு வீட்டுக்கு, பிள்ளை ஒரு வீட்டுக்குன்னு. இன்னும் தாண்டலேன்னா ரெண்டு நாளைக்கு மட்டும் பிறைக்குக் கூட்டிப் போறது, எங்க படியத் தாண்டினதும் தீபாவளி வரைக்கும் இங்க வந்து இருக்கிறது. இங்கியே தாண்டிட்டா, தாயும் பிள்ளையும் தீபாவளி வரைக்கும் எங்க வீட்டுல. நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே. படிய வச்சுக்குங்க."

தீபாவளி வரைக்கும்! பயல் என் மீசையைப் பிடித்து இழுத்திருப்பான். என் வேட்டியில் மூத்திரம் பெய்திருப்பான். முதல் வார்த்தை பேசியிருப்பான். அது 'தாத்தா' என்றே இருந்திருக்கும். இனி அதையும் பிச்சைமுத்துதான் கேட்பார், கேட்டுவிட்டுக் கொழுக்கட்டை அனுப்புவார். கேவலம், ஒரு மரக்கட்டைக்காக என் பேரனை நானே கப்பலேற்றிவிட்டேன்.

வடிவைப் பார்த்தேன். அவள் தரையிலிருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவி வரும் திசையாகத் தெரியவில்லை.

"சம்பந்தி..." என்றேன். "தாண்டல."

"என்னது?"

"பயல் தாண்டல. பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"பொறாமை."

"இது நெசமா, அதுவும் பொய்யா?"

"பிள்ளையார் சத்தியமா நெசம் சம்பந்தி. பாருங்க, இப்பத்தான் சூடம் காட்டின கை. தாண்டவே இல்ல!"

சம்பந்தி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். என் கண்ணில் நீர் நின்றிருக்க வேண்டும். நம்பிவிட்டார். உடனே சிரிக்க ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாடு முழுக்கச் சிரித்தார். "எங்க வீட்டு ரத்தம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துப் புரையேறினார். பேரனையும் மகளையும் ரிக்‌ஷாவில் ஏற்றும்போது ரிக்‌ஷாக்காரச் சீனனிடமும் மலாயில் கதையைச் சொன்னார். அவனும் சிரித்தான்.

ரிக்‌ஷா மறைந்ததும் நிலைப்படி மேல் உட்கார்ந்தேன். வடிவு வெற்றிலைப் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் வடிவு, இப்படி ஒரு பேச்சு பேசியிருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"படி படின்னு பேய் பிடிச்சு அலைஞ்சீங்க. உங்களுக்குப் பிள்ளை எங்க ஞாபகம் இருந்துச்சு?"

நியாயம்தான். பெருமூச்சு விட்டேன்.

"சரி விடு. மானம் போச்சு, படியும் போச்சு. நாளன்னிக்குப் பிள்ளையாச்சும் நம்மகிட்ட வரானே."

"படி எங்க போச்சு?" என்றாள் வடிவு, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே.

"அதான் பிறையில தாண்டப் போறானே!"

"அங்க தாண்டுறது ரெண்டாந்தரம். காலைல நீங்க புல்லுக்குப் போனீங்கள்ல? நீங்க தெருமுனை திரும்பல, பயல் உங்க பலகையில ஏறி, உச்சியில உக்காந்து ஒரு பார்வை பாத்துட்டு, அந்தப் பக்கம் இறங்கி நடைபாதைக்கே போய்ட்டான். நானும் சந்திரிகாவும் பாத்தோம். காஜா மொய்தீன் அண்ணனும் பாத்தாரு. அவர் வாய் திறக்காம இருக்கக் கொழுக்கட்டை குடுத்தனுப்பிட்டேன்."

படியிலேயே அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அடிப்பாவி! அப்ப நான் சொன்ன பொய் உண்மையா?"

"ஆமா."

"அப்புறம் பண்ணினேனே ஒரு சத்தியம், அதுதான் பொய்யா?"

"ஆமா. ஆனா என்ன அழகாப் பண்ணீங்க! முன்னாடியே விசயம் தெரிஞ்சிருந்தா உங்களுக்கு அந்த முகம் வந்திருக்காதுங்க. சம்பந்தியும் நம்பியிருக்க மாட்டாரு."

துள்ளி எழுந்தேன். சட்டையை எடுத்தேன். அடுத்த பெர்ரியிலேயே பிறைக்குப் போய்ப் பிச்சைமுத்துவின் தொப்பை மேல் விரலை வைத்து, 'என் படிதான் முதல் படி' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் பிள்ளை போய்விடும். கத்தாவிட்டால் நான் வெடித்துவிடுவேன். ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி நடு வீட்டில் நின்றேன்.

"போய்ட்டு வாங்களேன்" என்றாள் வடிவு.

சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"போகட்டும். முதல் முதலாத் தாண்டியிருக்கான். படிக்கு ஒரு தேங்காயாச்சும் உடைக்க வேண்டாமா? அதையாவது நான் உடைக்கிறேன், எடுத்துட்டு வா."

"அப்பவே உடைச்சாச்சு. மத்தியானம் துவையல் நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அதுதான்."