தப்புக்கு வடை குடுத்த மேனேஜர்

தப்பு பண்ணவங்களுக்கு வடை வாங்கிக் குடுத்தே ஒரு ஸ்பின்னிங் மில்ல தூக்கி நிறுத்துன மனுசன் இந்தத் திண்டுக்கல் சீமையில ஒருத்தருதான். அவருக்கு நல்ல பேரு ஒண்ணு இருந்துச்சு. அது மொதலாளிக்கே மறந்துபோச்சு. எங்களுக்கெல்லாம் அவரு வடை மேனேஜர்.

நானும் எங்க செலின் அக்காவும் அந்த மில்லுலதான் வேலை பாத்தோம். நாகல் நகர்ல இருந்து மில்லு வண்டி வந்து ஏத்திட்டுப் போகும். நான் எட்டாவதோட நின்னவ. எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

வடை மேனேஜருக்குப் பழனிப் பக்கம் பாலசமுத்திரம். எல்லாத்துக்கும் 'ங்க' போடுவாரு. மெஷினுக்கும் போடுவாரு. "மூணாம் நம்பர் மெஷினு இன்னைக்குக் கோவமா இருக்காங்க, கிட்டப் போவாதீங்க அம்மிணி"ம்பாரு. நாங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிப்போம்.

டீ நேரத்துல எல்லாரையும் வேப்ப மரத்தடிக்கு வரச் சொல்லுவாரு. கையில சுடச்சுட ஒரே ஒரு உளுந்த வடை. "இன்னைக்கு வடை யாருக்குங்க?"ம்பாரு. அன்னைக்கு யாரு தப்பு பண்ணாங்களோ அவுங்க எந்திரிச்சு, என்ன பண்ணோம், எப்படி ஆச்சுன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லணும். சொன்னா வடை. திட்டு கெடையாது. யாரும் வாயத் தொறக்கலைன்னா அவரே ஆரம்பிப்பாரு. ஒருநாள், "நேத்து நானுங்க, தெரியாம வேற யாரு கல்யாணத்துக்கோ போயி, மொய் எழுதி, பந்தியில ரெண்டாந்தடவ பாயாசமும் வாங்கிக் குடிச்சுப்போட்டேன்"னாரு. அந்த வடைய அவரே தின்னாரு.

மெஷினு ரிப்பேர் பாக்குற பிட்டர் சவரிமுத்து அண்ணனுக்கு வடைன்னா உசுரு. "சார், ஸ்பேனர மெஷினுக்குள்ள விட்டுட்டேன்"னு வந்து நின்னாரு.

"நேத்தும் அதேதானுங்களே?"

"இன்னைக்கும் விட்டுட்டேன் சார்."

"பழைய தப்புக்குப் புது வடை கெடையாதுங்க. புதுசா எதாச்சும் பண்ணிட்டு வாங்க."

அய்யலூர்ல இருந்து வார பொண்ணு ஒருத்தி, நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்னு அழுதா. வடையக் கையில குடுத்துட்டு, ஏன் தூக்கம் வந்துச்சுன்னு கேட்டாரு. வண்டி அவ ஊர்லதான் மொதல்ல ஏத்துது, கோழி கூப்புடறதுக்கு முன்னாடியே எந்திரிக்கிறேன்னா. மறுவாரம் வண்டி போற வழியவே மாத்திட்டாரு. அப்புறம் அவ தூங்கவே இல்ல, வாய்தான் ஓயல.

ஒரு தடவை அவரே ரெண்டு தினுசு நூல மாத்தி லாரியில ஏத்தி அனுப்பிட்டாரு. கரூர்ல இருந்து சரக்கு அப்படியே திரும்பி வந்துச்சு. பெரிய மொதலாளி வந்து பாத்தா, மனுசன் மரத்தடியில நின்னு வடை தின்னுக்கிட்டு இருக்காரு.

"யோவ், என் சரக்கக் கெடுத்துப்புட்டு வடையா திங்கிற?"

"உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுங்களா? என்னைய நம்பி விட்டது உங்க தப்புங்க."

பெரிய மொதலாளி சிரிச்சுட்டாரு. சிரிச்சுட்டு ஒரு வடையும் தின்னாரு. அதுல இருந்து ரெண்டு தினுசு நூலுக்கும் வேற வேற கலர்ல நூல் சுத்துற கோனு வந்துச்சு. ஒருத்தி பண்ண தப்ப இன்னொருத்தி பண்ண மாட்டா, அம்புட்டுதான் அவரு வித்தை. சுத்துப்பட்டுல மில்லுக மூடிக்கிட்டு இருந்தப்ப எங்க மில்லுல புது ஷெட்டு போட்டாங்க. எங்க நூலுன்னா பிரிச்சுப் பாக்காம வாங்குவாங்க.

அப்புறம் பெரிய மொதலாளிக்குக் கையி காலு வுழுந்துபோச்சு. அவரு மருமகன் வந்தாரு. வந்த அன்னைக்கே மரத்தடியப் பாத்துட்டு, "தப்பு பண்ணா திங்கக் குடுக்கிறீங்களா? இது மில்லா, சத்திரமா?"ன்னாரு. வடை மேனேஜர் சட்டைப் பையில இருந்த பேனாவ எடுத்து மேசையில வச்சுட்டு, வாரேனுங்கன்னு கெளம்பிட்டாரு.

கேட்டுல ஒரு போர்டு வந்துச்சு. தப்பு பண்றவங்க பேரு அதுல ஏறும். மறுபடியும் ஏறுனா வேலைக்கு வர வேணாம். மொத மாசம் போர்டு நெறைய பேரு. அப்புறம் கொறஞ்சுச்சு. அப்புறம் ஒரு பேரும் இல்ல. சின்ன மொதலாளி லட்டு குடுத்தாரு. அக்கா அவ பங்கு லட்ட வீட்டுக்குக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துட்டு, "தப்பு ஒண்ணும் கொறயலடி. வாய்தான் எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு"ன்னா.

பஞ்சு பிரிக்கிற மெஷின்ல ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுச்சு. இரும்பு மேல இரும்பு படுற சத்தம். நான் புது ஷெட்டுல இருந்தேன், எனக்குக் கேக்கல. அந்தப் பக்கம் வேலை பாத்தவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க. சொன்னா, உன் ஷிப்டுலதான வந்துச்சுன்னு பேர எழுதுவாங்க. யாரும் சொல்லல. ஒருநாள் மத்தியானம் பொறி தெறிச்சு பஞ்சுல பிடிச்சுக்கிச்சு. எங்க அக்கா உள்ள இருந்தா. வெளிய வரல.

செலின் கொண்டை ஊசிய பஞ்சுக்குள்ள விட்டுட்டா, அதுலதான் நெருப்பு வந்துச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எங்கம்மா அழுகைய நிறுத்திட்டு அதையே பேச ஆரம்பிச்சுருச்சு. "எம்புள்ள ஊசியே குத்த மாட்டாளே, ரிப்பன்லதான கட்டுவா. அவளா மில்ல எரிச்சா?" வாரவுக போறவுக எல்லாருகிட்டயும் இதே பேச்சு.

மூணாம் நாள் செபத்துக்கு மில்லு ஆளுக வந்தாங்க. ஒட்டன்சத்திரம் பக்கம் வேற மில்லுல இருந்த வடை மேனேஜரும் வந்தாரு. அவருக்கு எங்க செபம் தெரியாது. நாங்க மண்டி போட்டா நின்னாரு, நாங்க உக்காந்தா மண்டி போட்டாரு. செபம் முடிஞ்சும் மண்டியிலயே இருந்தாரு. அம்மா அவரு கையப் பிடிச்சுக்கிச்சு.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க. எம்புள்ள செஞ்ச தப்பா?"

"நான் அங்க இல்லீங்கம்மா. தெரியாமச் சொல்லக் கூடாதுங்க. என் தப்ப மட்டும் சொல்லிடறேனுங்க. ஒரு வார்த்தை சொன்னதும் ரோசத்துல போயிட்டேன். இத்தன பேர விட்டுட்டுப் போறோமேன்னு நின்னு மல்லுக்கட்டியிருக்கோணும். கட்டலீங்க."

செவத்தோரமா இருந்த சவரிமுத்து அண்ணன் எந்திரிச்சாரு.

"சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. பேரு ஏறும்னு பயந்து சொல்லல."

அவரு உக்காரல. அய்யலூர்ப் பொண்ணு எந்திரிச்சா. "எனக்கும் கேட்டுச்சும்மா." அவளுக்குப் பின்னாடி இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தர். அம்மா ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. யாரையும் ஒரு வார்த்தை திட்டல. கடைசியில, "அப்ப எம்புள்ள இல்ல"ன்னு மட்டும் சொன்னுச்சு. சொல்லிட்டு அன்னைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி குடிச்சுச்சு.

விசாரிக்க வந்த ஆபீசர்கிட்டயும் எல்லாரும் அதையே சொன்னாங்க. சொன்னவங்க யாருக்கும் வேலை இல்லாமப் போச்சு. கொஞ்ச நாள்ல மில்லும் இல்லாமப் போச்சு. அக்கா பேருல மட்டும் பழி இல்ல.

இப்ப நான் வடை மேனேஜர் இருக்கற மில்லுலதான் இருக்கேன். போன வாரம் காய்ச்சல்னு அவரு வரல. யாராச்சும் வரலைன்னா இப்பல்லாம் நான் கேட்டையே பாத்துக்கிட்டு நிப்பேன். அப்புறம் ஒருநாள் காலையில, தலையில மப்ளரச் சுத்திக்கிட்டு, இருமிக்கிட்டே வந்து, "ஏனுங்க அம்மிணி, சாப்டீங்களா?"ன்னாரு. சாப்டேன் சார்னு சொல்லிட்டு, பாத்ரூமுக்குள்ள போயி செத்த நேரம் அழுதுட்டு வந்தேன்.