கம்ப்யூட்டர் வகுத்த எங்கள் வயல்

மதிப்பும் பயமும் கலந்த மலர்கொடி அக்காவுக்கு,

தம்பி ராசு எழுதுவது. நான் நலம், மற்றவர்கள் என்னால் ஓரளவு நலம். சென்னையில் உன் கம்பெனியார் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: நேற்று மாலை, அரசாங்கம் கொடுத்த என் லேப்டாப், நம் வயலின் சர்வே நம்பரைப் பார்த்து "இது எண் அல்ல, எழுத்து" என்று ஒப்புக்கொண்டது. சிரிக்காதே. அதனால்தான் இன்று நமக்கு நடவு.

நிலக் கணக்குச் சரிபார்க்கும் ஜமாபந்தி வருகிறதே என்று, சர்வே நம்பரைக் கொடுத்தால் சொந்தக்காரர் பெயரைச் சொல்லும் புரோகிராம் எழுதினேன். டீக்கடையில் ஊரே சுற்றி நிற்க, நம் 148/2-ஐக் கேட்டேன். "கோவிந்தராசு" என்றது. தன் பெயரைக் கேட்டதும் வரப்புச் சண்டைக்காரப் பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு இளையபெருமாளு! நீ நடப்போறது என் வயலாம்ல!" என்று போய் நம் மடையை அடைத்துவிட்டார். ஆற்றில் தண்ணீர் வந்த நேரம், நாற்றுப் பறித்துக் கிடக்கிறது. அப்பா என்னைப் பார்த்து, "பெத்த புள்ளையே எழுதிக் குடுத்துட்டானே" என்றார்.

நான் அசருவேனா? உள்ளே இருப்பது என்ன வகை என்று 'டைப்' போட்டுக் கேட்டேன். 'ஃப்ளோட்' என்றது; தசம எண்ணாம்! அந்தப் புத்திசாலி 148-ஐ 2-ஆல் வகுத்து 74 ஆக்கியிருக்கிறது. 74-ஆம் நம்பர் பெரியப்பா வயல். நம்பரை மேற்கோள் குறிக்குள் அடைத்து மறுபடி கேட்டேன். 'ஸ்ட்ரிங்', அதாவது எழுத்து. இனி வகுக்க முடியாது. "இளையபெருமாள்" என்று அப்பா பெயரும் சரியாக வந்தது.

"மெஷினு பேச்சக் கேட்டு அடைச்சிட்டேன்டா, தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பெரியப்பாவே மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்தார். அப்பா அவருக்கு டீ சொன்னார். ஆகவே அக்கா, டைப் பார்க்காமல் எதையும் நம்பாதே. உன் மேனேஜருக்கும் சொல்லிக் கொடு. வயதில் சின்னவன்தான், ஆனாலும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஊரைக் காத்த ராசு

பி.கு.: வெற்றிக் களிப்பில் நில அளவுகளையும் மேற்கோளுக்குள் அடைத்துவிட்டேன். பெரியப்பாவின் ஆறு மாவையும் இரண்டு மாவையும் கூட்டினால் அறுபத்திரண்டு மா, அதாவது இருபது ஏக்கருக்கு மேல், என்கிறது; எழுத்தென்றால் பக்கத்தில் ஒட்டிவிடுமாமே! அப்பா டீக்கடையில் எழுந்து, "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, வாங்க மிராசுதாரரே!" என்று கும்பிடுகிறார். பெரியப்பா நம் வாசலில் நின்று, "நில உச்சவரம்புச் சட்டத்துல புடுங்கிருவாங்கடா, கொறைடா!" என்கிறார். டைப் பார்த்தாயா என்று கேட்காதே. பார்க்கவில்லை. மெயில் கண்டதும் போன் பண்ணு, அக்கா.