வயிற்றெரிச்சல் அண்ணன் கம்ப்யூட்டர் மாற்றிய கதை

பொறாமைப்படுவதில் எங்கள் வயிற்றெரிச்சல் அண்ணனை மிஞ்ச மலாக்கா முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. காஜா பேராங்கில் நான் வேலை பார்த்த லாரி கம்பெனியில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; நான் சின்னக் கிராணி. எனக்குக் காய்ச்சல் என்றால்கூட, "உனக்கு மட்டும் எப்படி தங்கச்சி வெள்ளிக்கிழமையா பார்த்து வருது?" என்பார்.

விண்டோஸ் எக்ஸ்பி காலம் அது. தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். அன்று அண்ணன் கோப்பியைத் தொடவே இல்லை. "நேத்து வந்தவளுக்குப் புதுசு, எனக்குக் கிழடா?" என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே தவுக்கே அவருக்கும் ஒன்று வாங்கினார்.

அதைத் தட்டியதும் அண்ணன் முகம் கறுத்தது.

"என் முருகன் படம் எங்க? என் தமிழ் எழுத்து எங்க? இது என் கம்ப்யூட்டரே இல்லலா! பழசுல உள்ளது அப்படியே இதுல வரணும்."

ஹார்ட் டிஸ்க்கை அவரே கழற்றிப் புதியதில் மாட்டினார். திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டியது. லாரிக் கணக்கு முழுக்க அதில்தான் இருந்தது. அது போனால் அவர் வேலையும் போகும்.

"உன்னுது மட்டும் ஓடுது பாரு!" என்றார், அந்த நிலையிலும்.

செமாபோக்கில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் வழி கேட்டேன். டிஸ்க்கைப் பழைய பெட்டிக்கே திருப்பி, அதன் மதர்போர்டுக்கென்று இருந்த டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் பொதுவானதைப் போட்டு, அணைத்து, மறுபடி புதியதில் மாட்டினோம். அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திரையில் முருகன் சிரித்தார்.

கூடவே, விண்டோஸை மறுபடி பதிவு செய்யச் சொல்லி ஓர் அறிவிப்பு.

"இத்தனை வருசம் கூட இருந்துட்டு, நான் யாருன்னு கேக்குது பார்த்தியா!"

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. பழைய பெட்டியில் புது டிஸ்க்கைப் போட்டு, விண்டோஸைச் சுத்தமாக ஏற்றி, ஸ்டோருக்குக் கொடுத்தோம். அது துள்ளிக்கொண்டு ஓடியது. அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

"என்கிட்ட இருந்தப்ப நடிச்சிருக்கு!"

பிறகு எனக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. கடைசி நாள் என் பையை அவரே பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தார்.

"அந்தக் கோலாலம்பூர் ஆப்பீஸ்காரனுங்கள நெனச்சா வயிறு எரியுது தங்கச்சி."

"எனக்கும்தான் அண்ணே," என்றேன். "நாளைக்கு உங்க பக்கத்துல உக்காரப் போறவள நெனச்சா."