கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிய கதை

மலையாண்டி வேப்பங்கன்றின் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பச்சை தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினார். கன்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"அது செத்து ரொம்ப நாளாச்சுங்களே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒடிந்த கன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பினார். வட்டார ஆபீஸ் பியூன் தங்கமுத்து, சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"திங்கக்கெழமை ஐயா ஒங்க ஊருக்கு வாராரு. கன்னுகளைப் பாக்கணுமாம். எல்லாம் ரோட்டோரமா வரிசையா நிக்கணும்னு சொல்லச் சொன்னாரு."

"எல்லாமா?"

"ஒண்ணு கொறையக் கூடாதாம். ஒங்க மாத்தல் பேப்பரும் ஐயா மேசையிலதான் கெடக்கு. கன்னுகளைப் பாத்துப்புட்டுத்தான் திருக்கோகர்ணமா, ஜெகதாப்பட்டினமான்னு முடிவு பண்ணுவாராம்."

சொல்லிவிட்டுத் தங்கமுத்து சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சல்லவா, மலையாண்டி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஒடிந்த கன்றைப் புதருக்குள் வீசினார்.

மலையாண்டி அந்த ஊருக்குக் கிராம சேவக். போன ஐப்பசியில் ஊர் எல்லையிலிருந்து பள்ளிக்கூடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் மரக்கன்று நட்டவர் அவர்தான். அன்றைக்கு மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், மழையும் பெய்தது. அதற்குப் பிறகு மழையும் பெய்யவில்லை, மலையாண்டியும் தண்ணீர் ஊற்றவில்லை. இப்போது பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது.

தொலைவில் கடற்கரையில் கிடந்த ஜெகதாப்பட்டினத்தின் மேல் அவருக்கு ஒரு பகையும் இல்லை. திருக்கோகர்ணத்தில்தான் மனைவி சிவகாமி பெற்றோர் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தாள். போன தடவை போனபோது, தவழ்ந்து வந்த மகள் அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுது, திரும்பித் தவழ்ந்துபோய்ப் பால்காரன் காலைக் கட்டிக்கொண்டாள். பால்காரனை அவள் தினமும் பார்க்கிறாள். பெற்ற தகப்பன் யாரோ ஒரு மீசைக்காரன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது மலையாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தார். இன்னும் தூரமாகப் போனால் மகளுக்கு அப்பன் முகம் பழகுவதற்குள் அவளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

நேராக ஊருணிக்குப் போனார். அடியில் கலங்கிக் கிடந்த தண்ணீரைப் பெண்கள் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மருதாயி, ஆளுக்கொரு கொடம் அந்தக் கன்னுகளுக்கு ஊத்துனீங்கன்னா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மருதாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க வீட்டு ஒலைக்கே தண்ணி இல்லைங்க சேவக் ஐயா. புண்ணியத்தை ஊத்தியா சோறாக்க முடியும்?"

அன்று சாயங்காலம் மலையாண்டிக்கு ஒரு யோசனை பிறந்தது. மனிதருக்குத் தராத தண்ணீரைச் சாமிக்குத் தருவார்கள். இருப்பதிலேயே நன்றாக இருந்த வேப்பங்கன்று ஒன்றில் மஞ்சள் துணியைக் கட்டி, தண்டில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. துணி கட்டுவது பொய்யாகாது என்று மனச்சாட்சிக்கும் சமாதானம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே பெண்கள் குடமும் கையுமாக வரிசையில் நின்றார்கள். மலையாண்டி பூரித்துப்போனார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அத்தனை குடமும் அந்த ஒரே வேம்புக்கு! அது சேற்றில் இடுப்பளவு மூழ்கி நின்றது. பக்கத்துக் கன்றுகள் நாக்கு வறண்டு கிடந்தன.

"மருதாயி, மத்த கன்னும் சாமிதான். அதுகளுக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

"எல்லாமே சாமியாயிட்டா, யாருக்குன்னுங்க பொங்க வைக்கிறது?"

அதற்குள் வரிசையில் நின்ற இருளாயிக்கு அருள் வந்துவிட்டது. "ஆத்தா வந்திருக்கேண்டா! எனக்கு வேப்பெலை குடுங்கடா!" என்று அவள் ஆட, கூட்டம் பக்தியோடு கையை நீட்டியது. கண்மூடித் திறப்பதற்குள் ஊரிலேயே செழிப்பான கன்று மொட்டைக் குச்சியாக நின்றது. பெண்கள் ஆளுக்கொரு இலையை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சாமியை நம்பிப் பயனில்லை, இனி விவசாய முறைதான் என்று முடிவு செய்தார் மலையாண்டி. பழைய மண்பானைகளை வீடு வீடாக வாங்கி, அடியில் துளை போட்டுத் துணித்திரி செருகி, ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் வாய் மட்டும் வெளியே தெரியப் புதைத்தார். ஒரு வண்டியில் பீப்பாயை ஏற்றி, அடுத்த ஊர்க் கிணற்றிலிருந்து தாமே இறைத்து நிரப்பினார். கையெல்லாம் கொப்புளம். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போயிற்று. செத்துவிட்டதென்று கைவிட்ட ஒரு புங்கங்கன்று கணுவில் சிவப்பாக ஒரு துளிர் விட்டது. மலையாண்டி அந்தத் துளிரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு குழந்தையைக் கொஞ்சுவது போலக் கொஞ்சினார்.

மறுநாள் அந்தத் துளிரைக் காணோம்.

பெரிய மாடுகள் மேய்ச்சலுக்குப் போன பிறகு தெருவில் சும்மா திரியும் கிடேரிகளுக்கும் காளைக்குட்டிகளுக்கும், சாலையோரம் யாரோ புண்ணியவான் தண்ணீர்ப்பந்தல் வைத்திருக்கும் செய்தி எட்டிவிட்டது. பானைக்குள் முகத்தை விட்டுத் தண்ணீர் குடித்தன. குடித்த வாய்க்குக் கொறிக்கத் தளிரும் பக்கத்திலேயே இருந்தது.

மலையாண்டி கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டார். கிடேரிகள் லாகவமாகத் தாண்டிப் போயின. சந்தைக்குப் போனவர்களின் சைக்கிள்தான் வரிசையாகப் பஞ்சர் ஆயிற்று. அவர்கள் மலையாண்டியின் பரம்பரையைப் பற்றிச் சாலையில் நின்று பேசினார்கள்.

வேறு வழியில்லை. தமுக்கடித்து ஊரைக் கூட்டினார்.

"பெரிய ஐயா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் தெருவுல ஒரு கெடேரி, ஒரு காளைக்குட்டி இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வெளியூருக்குப் பத்திவிடுங்க. ஐயா மனசு குளுந்தா ஊருணியை ஆழமா வெட்டித் தரச் சொல்லிக் கேக்குறேன். இது என் பொறுப்பு."

ஊருணி என்றதும் ஊர் மசிந்தது. குட்டிகளையெல்லாம் பொன்னமராவதிப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓட்டிவிட்டார்கள். சாலை வெறிச்சென்று ஆனது. அப்பாடா என்று மலையாண்டி டீக்கடை பெஞ்சில் சாய்ந்தார்.

"ஒரு டீ போடுங்க."

"பால் இல்லைங்க. வரக்காப்பிதான்," என்றார் கடைக்காரர். குரலில் அன்பு இல்லை.

மருதாயி காலிச் செம்போடு கடை வாசலுக்கே வந்துவிட்டாள். "குட்டி முட்டாமப் பசு சொரக்குமா சேவக் ஐயா? மடி கட்டிக்கிட்டு அது கத்துற கத்துல எங்க வீட்டுல ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. புள்ளைக்குப் பாலுக்கு எங்கிட்டுப் போவேன்? நீங்க வந்து கறக்குறீங்களா?"

"திங்கக்கெழமை வரைக்கும் பொறுத்துக்க ஆத்தா," என்று கும்பிட்டார் மலையாண்டி.

பிள்ளை பாலுக்கு அழும் சத்தம் கேட்டபோது அவருக்கு மனசு கேட்கத்தான் இல்லை. ஆனால் அவர் பிள்ளையும் பால்காரனிடமல்லவா சிக்கிக்கொண்டிருக்கிறது!

மிச்சமிருந்த நேரத்தில், செத்த கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, இலையோடு பூவரசம் போத்துகளை வெட்டி நட்டார். மொட்டையான சாமி வேம்புக்கு இன்னொரு வேம்பின் கொத்தை ஒடித்து மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் சாலை சோலையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஜீப் வந்து நின்றது. ஐயா இறங்கி, குளிர்க்கண்ணாடியைக் கழற்றிச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். டிரைவர் மதுரைவீரன் பின்பக்கம் போய் ஒரு சாக்கை இறக்க ஆரம்பித்தான்.

"பரவால்லையே மலையாண்டி! இந்த வறட்சியில எப்படிங்க இவ்வளவு பச்சை?"

"எல்லாம் ஐயா ஆசீர்வாதங்க."

"நல்லது, நல்லது. ஆமா, ஊர்ல மாடெல்லாம் ஏன் இப்படிக் கத்துது?"

தம் தியாகத்தை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மலையாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். சிவகாமியும் மகளும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"அதுகளோட குட்டிகளை நெனைச்சுக் கத்துதுங்க. கெடேரி, காளைக்குட்டி ஒண்ணு விடாம ஊரைவிட்டே வெரட்டிட்டேன். இன்னைக்கு இந்த ஊர்ல வெளக்கு வச்சுத் தேடுனாலும் ஒண்ணு கெடைக்காதுங்க!"

ஐயாவின் வாய் திறந்தது. மலைத்துப்போய்விட்டார் என்று மலையாண்டி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்குள் மதுரைவீரன் சாக்கிலிருந்து சிவப்புக் கயிறு கோத்த வெண்கல மணிகளைக் கை நிறைய எடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் முதலாவதாக நின்ற வேம்பை இரண்டு தடவை சுற்றினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்:

"மாட்டு டாக்டரு நல்ல கன்னுக்குப் பரிசாக் கட்டச் சொல்லிக் குடுத்துவிட்ட மணிங்க இது... இந்தக் கன்னுக்குக் கழுத்து எங்கிட்டுங்க இருக்கு?"