முடியாது என்று சொல்லாத கம்ப்யூட்டர்

ஏனுங்க, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றைக்காவது உங்களை எடுத்தெறிஞ்சு பேசியிருக்குதுங்களா? தொண்ணூற்றெட்டாம் வருசம் சிங்காநல்லூரில் அந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்டினார்கள்.

பிரவீனா வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் ஆசை வந்திருந்த நேரம். கிரைண்டர் செய்கிறவர், பம்புசெட் செய்கிறவர் வாசலிலெல்லாம் சான்றிதழ் போர்டு தொங்கும்போது இவர்கள் வாசல் மட்டும் மொட்டையாக இருந்தால் கௌரவம் என்னாவது? தர மேம்பாட்டு அதிகாரியாக சுந்தரராஜுலு வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் கை வைத்தது, அங்கப்பன் கல்யாண மண்டபத்துக்குப் பிரவீனா எழுதிய புரோகிராமில். பதிவான தேதியை வேறொருவர் கேட்டால், "முடியாது. இந்தத் தேதி பதிவாகிவிட்டது" என்று திரையில் வரும்.

"என்ன அம்மணி, மூஞ்சியில அடிச்சாப்பல 'முடியாது'ங்குது?"

"தேதி இல்லைன்னா இல்லைன்னுதானுங்க சார் சொல்லோணும்?"

"நம்மூர்ல பொண்ணு புடிக்கலைன்னாக்கூட 'ஊட்ல கலந்து பேசிச் சொல்றோமுங்க'ம்பாங்க. யாராச்சும் முடியாதுன்னு சொல்லிப் பாத்திருக்கறீங்களா?"

கமிட்டி கூடியது. போண்டாவுக்குப் பின், 'வாடிக்கையாளர் மனம் புண்படத்தக்க சொற்கள் யாவும் இதனால் அடியோடு நீக்கப்படுகின்றன' என்று ஏகமனதாகத் தீர்மானமானது. இனி எந்தத் தேதி கேட்டாலும் ஒரே பதில்: "ரொம்பச் சந்தோசமுங்க, ஜாம்ஜாம்னு நடத்துங்க!"

"ரெண்டு பேருக்கும் ஒரே நாளைக் குடுத்துப்போடுமேங்க சார்?"

"அது மண்டபத்தோட பிரச்னை. திரையில தப்புன்னு ஏதாச்சும் வருதா? வர்றதில்லை. வராட்டித் தப்பே இல்லை. அதுக்குப் பேருதான் அம்மணி தரம்."

பிரவீனா மாற்றிப்போட்டாள். மெட்ராஸிலிருந்து வந்த தணிக்கைக்காரர்கள் நாள் முழுக்கத் தட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சந்தோசப்பட்டுக்கொண்டே இருந்தது. சான்றிதழ் வந்தது, சந்தன மாலையோடு போட்டோவும் எடுத்தார்கள். அதே கையோடு, தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆவணியில் ஒரு முகூர்த்தத்தை அந்த மண்டபத்திலேயே பதிந்தாள் பிரவீனா. அந்தத் தேதியை இன்னும் யாரும் கேட்கவில்லை என்று மண்டப முதலாளி அங்கப்பனிடம் விசாரித்துவிட்டுத்தான்.

ஆடி முடியும் சமயம் சுந்தரராஜுலுவுக்குப் பத்திரிகை நீட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே மேசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் மகளுக்குக் கல்யாணம். அதே மண்டபம், அதே முகூர்த்தம்.

"நானேதான் அம்மணி தட்டினேன். ரொம்பச் சந்தோசம்னு சொல்லுச்சே!"

இருவரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். கேட்டதும் அங்கப்பன் மூன்று காப்பிக்குச் சொல்லிவிட்டார். யாரோ ஒருவர் விட்டுத்தர வேண்டும். அதை யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"நீங்களே நடத்துங்க அம்மணி," என்றார் சுந்தரராஜுலு, பத்திரிகையை மட்டும் கீழே வைக்காமல்.

'நான்தான் முதல், என் தங்கச்சியை நடுத்தெருவில் நிறுத்த முடியாது' என்று பிரவீனாவின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வந்ததென்னவோ, "அதெல்லாம் பரவால்லீங்க சார், மொதல்ல காப்பி சாப்புடுங்க."

அங்கப்பன் அவளைத் தனியாகத் தூண் ஓரம் கூப்பிட்டார்.

"பெரியவரு மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு நான் எப்படியுங்க சொல்றது? அந்தக் கம்ப்யூட்டரையே கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க அம்மணி."