‘அண்டர்ஸ்டாண்ட்’ போட்டால் பிரிண்ட் கிடையாது

எங்கள் மருத்துவக் கல்லூரியில், பாடம் நடத்துவது எப்படி என்று பேராசிரியர்களுக்கே சொல்லித்தரும் பயிற்சிகளை முழுவதுமாகக் கரைத்துக் குடித்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ஆளைக் காட்டுவேன். அவர் பேராசிரியர் இல்லை. டாக்டரும் இல்லை. பயிற்சி நடக்கும் ஏசி ஹாலுக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்தவரில்லை. காலேஜ் கேட்டுக்கு எதிரே, விராலிமலை போகும் ரோட்டோரம், இரண்டு மெஷினும் ஒரு கம்ப்யூட்டருமாகக் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் அக்கா.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஆவூர்ப் பக்கம் என்று தெரியும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் என்று தெரியும். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மாணவர்கள் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அக்கா என்றேன். பிறகு எங்கள் டீனும் அக்கா என்றார். டீனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

டாக்டருக்குப் படித்தவருக்குப் பாடம் நடத்தவும் தானாக வந்துவிடும் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன். என் மாணவர்கள் மட்டும் நம்பவில்லை. பேத்தாலஜியில் என் மதிய வகுப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘தாலாட்டு’. பிறகு சட்டம் மாறியது. கற்பிக்கும் முறையில் பயிற்சி முடித்தால்தான் பதவி உயர்வு என்றார்கள். அதற்குப் பாடத்திட்டம் எழுத வேண்டும், வினாத்தாள் போட வேண்டும், பத்து நிமிட மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். இதற்கான காகிதங்கள் அத்தனையும் அக்கா கடையில்தான் டைப் ஆகின, பிரதி ஆகின. டைப் அடிப்பதைப் படிக்காமல் அடிக்க அக்காவுக்குத் தெரியாது. எங்களுக்கு வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் முதன்முதலாகப் பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. வகுப்பு முடிவில் மாணவர் ரத்தசோகையை ‘அண்டர்ஸ்டாண்ட்’ பண்ணுவார் என்று எழுதியிருந்தேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் எப்போதும் பச்சரிசி இருக்கும். அதில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார்.

“சார், இந்த வார்த்தையை அடிக்க முடியாதுங்க.”

கம்ப்யூட்டரில் ஏதோ எழுத்துக் கோளாறு என்று நினைத்தேன்.

“பசங்க புரிஞ்சுக்கிட்டாங்களான்னு எதை வச்சுப் பாப்பீங்க? தலையை ஆட்டுறதை வச்சா? ‘லிஸ்ட்’னு போடுங்க, ‘டிஸ்கிரைப்’னு போடுங்க, ‘டிரா’ன்னு போடுங்க. அளந்து பாக்குற வார்த்தையா இருந்தா அடிச்சுத் தாரேன்.”

இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவனுக்கு இது ரோட்டோரத்தில் நடந்தது. பின்னால் இரண்டு முதலாண்டு மாணவர்கள் ஐடி கார்டு நகலுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

பயிற்சிக்குப் பொறுப்பாளர் பிசியாலஜி மேடம். அவரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அக்கா சொன்னதுதான் விதி என்றார். அளக்க முடியாத வார்த்தைகளை அவர் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புவார். அதே பக்கத்தை அக்கா மறுபடி டைப் அடிக்க வேண்டும். இப்படிப் பல வருடம் அடித்து அடித்து அலுத்துப்போன அக்கா, சிவப்பு மையின் வேலையைத் தன் கடையிலேயே முடித்துவிட ஆரம்பித்திருந்தார். தனக்குப் பாதி வேலை மிச்சம் என்று மேடத்துக்கு ஏக சந்தோஷம்.

கற்ற வித்தையை அக்கா டாக்டர்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் கலெக்டருக்குத் தெருவிளக்கு மனு அடிக்க வந்தார். எல்லா மனுவையும் போல ‘ஆவன செய்யுமாறு’ என்று முடித்திருந்தார். ஆவன என்றால் எது என்று அக்கா கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மனு எங்கள் பாடத்திட்ட நடையில் இப்படி மாறியது: ‘இம்மனுவைப் படித்து முடிக்கும் அதிகாரி, எங்கள் தெருவின் நான்காவது கம்பத்தில் விளக்கில்லை என்பதைக் கண்டறியவும், விளக்குப் போடப்படும் தேதியைக் குறிப்பிடவும் இயன்றவராக இருப்பார்.’ விளக்கு வந்துவிட்டது. எப்படியும் அந்த வாரம் போடுவதாகத்தான் இருந்தது என்று லைன்மேன் சொன்னாராம். அக்கா அதை ஏற்கவில்லை.

குறை சொல்வதற்கும் எங்கள் பயிற்சியில் ஒரு முறை உண்டு. முதலில் நல்லது ஒன்று, நடுவில் குறை, கடைசியில் மறுபடி நல்லது. அக்கா இதைப் பேப்பர் சப்ளை செய்பவரிடம் செய்து காட்டியதை நானே பார்த்தேன். “பேப்பர் நல்லா வெள்ளையா இருக்குங்க. ரொம்ப மெலிசா இருக்கிறதால மெஷின் தின்னுருது. ஆனா சொன்ன நேரத்துக்கு வந்தீங்க பாருங்க, அது சந்தோஷம்.” அந்த மனிதர் திட்டு வாங்கினோமா பாராட்டு வாங்கினோமா என்று தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை கெட்டியான பேப்பர் வந்தது. பிரசங்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் பெரியவர்களுக்குக் கவனம் நிற்காது என்று ஊர்க் கோவில் ஃபாதரிடமும் இதே முறையில் சொன்னாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஊரில் எல்லார் வீட்டிலும் சமையல் சீக்கிரம் ஆனதாகக் கேள்வி.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மாதிரி வகுப்பில் எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்துக்கு ரத்தசோகை பற்றி நான் நாற்பத்தோரு ஸ்லைடு தயாரித்திருந்தேன். எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் சக பேராசிரியர்கள். ஏழாவது ஸ்லைடில் மணி அடித்தது. எட்டாவதைப் போட்டேன். அப்போது முன்வரிசையில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. மயக்க மருந்துத் துறைத் தலைவர். அவர் தொழிலை நான் செய்துவிட்டேன் என்று யாரோ பின்னால் சொல்ல, ஹாலே சிரித்தது.

பிசியாலஜி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முறைப்படி முதலில் ஒரு நல்லது சொன்னார். என் சட்டை நன்றாக இருந்ததாம். நாளை காலை பயிற்சியைக் கண்காணிக்க வெளியூரிலிருந்து பார்வையாளர் வருகிறார், அவர் முன்னால் மறுபடி எடுங்கள் என்றார். அதிலும் தேறாவிட்டால் பயிற்சியை முதலிலிருந்து இன்னொரு முறை முடிக்க வேண்டும். பதவி உயர்வும் அதுவரை காத்திருக்கும். எனக்குப் பதவி உயர்வைவிட அந்தச் சிரிப்புதான் உள்ளே உறுத்தியது. அவர்கள் சிரித்தது ஒரு நாள். என் மாணவர்கள் எத்தனை வருடமாகச் சிரிக்கிறார்களோ.

மாலை நாலரை மணி இருக்கும். புதுப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். கரண்ட் இல்லை. மெஷின்கள் இரண்டும் அடங்கிக் கிடந்தன. அக்கா விசிறிக்குப் பதில் ஒரு கல்லூரி அறிக்கையால் விசிறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

“கரண்ட் வர்ற வரைக்கும் சும்மாதான இருக்கோம். அந்தப் பத்து நிமிஷத்தை இங்கிட்டு உக்காந்து எனக்கு எடுங்க சார்.”

ஸ்லைடு இல்லை, மைக் இல்லை. மர ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதல் வாக்கியத்திலேயே மூன்று லத்தீன் சொற்கள் வந்துவிட்டன. அவர் கையைத் தூக்கினார். தமிழில் சொன்னேன். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் சிவப்பணு தயாராகிறது, நிறம் கொடுக்க இரும்புச்சத்து வேண்டும், அது குறைந்தால் அணு சிறுத்து வெளுத்து வெளியே வரும் என்றேன். அவர் மெஷினைத் தட்டிக் காட்டினார்.

“டோனர் மை கம்மியான மாதிரின்னு சொல்லுங்க. மெஷின் நிக்காது, பேப்பரும் வந்துக்கிட்டேதான் இருக்கும். ஆனா எழுத்து வெளுத்துருக்கும்.”

இருபத்திரண்டு வருடமாக நான் தேடாமலே விட்ட உதாரணம் அது. அதைவிடத் துல்லியமாக இன்றுவரை நான் எதையும் கேட்டதில்லை. உற்சாகம் தொற்றிக்கொண்டது. பழைய தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். அணு வெளுத்தால் மூச்சுக்காற்றைச் சுமக்கும் சக்தி குறையும், அதனால் படி ஏறினால் இரைக்கும், எப்போதும் அசதியாக இருக்கும், கண்ணின் கீழ் இமை உள்பக்கம் வெளுத்திருக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

“இன்னொன்னு உண்டுக்கா. சிலபேருக்கு மண்ணு, சாம்பல், பச்சரிசி இதெல்லாம் திங்கணும் போல இருக்கும்.”

அக்காவின் கை டப்பாவுக்குள் இருந்தது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். அவர் மெதுவாகக் கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை டப்பாவிலேயே உதறினார். கொஞ்ச நாளாகவே ஷட்டரைத் தூக்கினால் நெஞ்சு படபடக்கிறது, பேப்பர் பண்டலைத் தூக்க முடியவில்லை என்று சொன்னார். வயசாகுதுன்னு விட்டுட்டேன் என்றார். நாற்பதுகூடத் தாண்டியிருக்க மாட்டார்.

வெளியே வெளிச்சத்துக்கு அழைத்துப் போய், கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி இருந்தது. நான் நோயாளியின் முகத்தை நேராகப் பார்த்தே வருடக்கணக்கில் ஆகிறது. எனக்கு வருவதெல்லாம் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம்தான். மூன்று வருடமாக அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே நகல் எடுத்துப் போயிருக்கிறேன். ரத்தசோகையைப் பற்றி வருடம் தவறாமல் நாற்பத்தோரு ஸ்லைடு போடுகிறவன். வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன்.

“விடுங்க சார். இப்பப் பாத்துட்டீங்கள்ல,” என்றார். பிறகு முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டார். “வரைஞ்சது நல்லா இருந்துச்சு. ஆரம்பத்துல இங்கிலீசு ஜாஸ்தி. ஆனா எனக்கு நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லத் தெரியும்.”

மறுநாள் காலை ஹாலுக்கு ஸ்லைடு இல்லாமல் போனேன். கையில் இரண்டு தாள். ஒன்று டோனர் நிறைந்த நேரத்தில் எடுத்த நகல், மற்றது தீரும் நேரத்தில் எடுத்தது. இரண்டையும் அக்காவே தேடிக் கொடுத்திருந்தார். பார்வையாளர் வெளுத்த தாளைக் கேட்டு வாங்கி, தம் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். ஒன்பதாவது நிமிடத்தில் முடித்தேன். மயக்க மருந்துத் தலைவர் முழுவதும் விழித்திருந்து கேள்வியும் கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தேறிவிட்டேன்.

அன்று மதியம் பிசியாலஜி மேடம் கேட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். கடை ஷட்டரை இறக்க வைத்து, அக்காவைக் கையைப் பிடித்து ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார். முடிவு நான் பயந்ததைவிட மோசமாகவே இருந்தது. இத்தனை நாள் எப்படி நடமாடினார் என்று மருத்துவப் பிரிவில் ஆச்சரியப்பட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடித்து அதற்கும் வைத்தியம் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்த பார்மசிக்காரருக்கு, அட்டையில் தமிழ் பெரிதாக இருப்பது நல்லது, டீயோடு சாப்பிடக் கூடாது என்பதை வாயால் சொல்லாதது குறை, சிரித்த முகம் நல்லது என்று அக்கா தெரிவித்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

நாலு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். ஷட்டர் ஒரே தூக்கில் மேலே போகிறது. தெம்பு வந்ததில் கறார் இரண்டு மடங்காகிவிட்டது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த சர்ஜரி டாக்டர் ஒருவர், மாணவர் ‘நோ’ பண்ணுவார், அதாவது அறிந்துகொள்வார் என்ற வார்த்தையோடு வந்து, மூன்று முறை திருத்தி எழுதி, நாலாவது முறை பிரிண்ட் வாங்கினார்.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு பயிற்சிக்கு நான்தான் பொறுப்பாளர். என் மதிய வகுப்பில் இப்போதும் ஒன்றிரண்டு பேர் தூங்குகிறார்கள். மதியம் என்றால் அப்படித்தான். மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். பயிற்சியின் முதல் நாள் நீங்களே வந்து பேசுங்கள் என்று அக்காவை வருடா வருடம் கூப்பிடுகிறேன். கடையை யார் பார்ப்பது என்கிறார்.

இந்த ஆண்டு எங்கள் துறைக்குப் புதிதாகக் கலர் பிரிண்டர் வந்திருக்கிறது. என் மேஜைக்கு நேர் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல மெஷின் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்துவிடுகிறேன்.