இடது பக்கத்து ஸ்பீக்கர்

"எலே தீபு, இதும் கொள்ளாது, மோசம். இடது பக்கத்துல சத்தமே இல்ல!"

உதியன்குளங்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தீபு, ராபின்சன் திருப்பிக் கொண்டுவந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தான். மூன்றாவது ஜோடி அது.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணுபோலத்தானே பாடுது?"

"ஒனக்கு மனசிலாவாது. நான் செய்யியது மிக்சிங்காக்கும்."

யூடியூபில் நாலு வீடியோ பார்த்தால் வரும் நோய் இது. உங்களுக்கு வரவேண்டாம், மக்களே. ஸ்பீக்கர் விலை மலிவாக இருக்கவேண்டும். அதைக் குறை சொல்ல உயர்ந்த ரசனை வேண்டும். ராபின்சனுக்கு அந்த ரசனை தாராளமாக இருந்தது.

கன்வென்ஷன் கூட்டத்துக்காகச் சபைப் பாடகர் குழு பாடிய பாட்டை அவர்தான் வீட்டிலிருந்து மிக்ஸ் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போட்டுக் காட்டவேண்டும். தேறினால் இனிச் சபைப் பாட்டெல்லாம் அவர் கையில். தேறாவிட்டால் காஞ்சிரங்குளத்து ஸ்டூடியோவுக்குப் போய்விடும்.

நாலாவது ஜோடி வந்தது. இடது பக்கத்தில் அதே சோம்பல். வயரை மாற்றினார். எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார். எறும்பு வந்தது, சத்தம் வரவில்லை. மேசையையே எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டார். அங்கேயும் இடதுதான் மக்கர்.

"வீடே கொள்ளாது," என்று தீர்ப்புச் சொன்னார். வீடு, மனைவி விமலகுமாரியின் அப்பா கொடுத்தது.

கடைசியில் பாட்டிலேயே இடது பக்கத்துச் சத்தத்தை ஏற்றினார். போதவில்லை. இன்னும் ஏற்றினார். வலதைத் தாழ்த்தினார். அப்போதுதான் அவர் முகத்தில் தெய்வீகக் களை வந்தது.

ஞாயிறு வந்தது. ஆலயத்தில் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். பாட்டுத் தொடங்கியதும் பெண்கள் மொத்தமும் செவியைப் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

ஆண்கள் பக்கத்தில் சபைச் செயலாளர் எழுந்து, "நம்ம பக்கத்து ஸ்பீக்கர் பெட்டிக்குக் கரண்டு இல்லியா?" என்று கேட்டார். பாட்டு முடிவதற்குள் காஞ்சிரங்குளத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

ராபின்சன் அடங்கவில்லை. வாசலில் நின்று விமலகுமாரியிடம் முழங்கினார். "சபைக்க பெட்டியும் கொள்ளாது! இடது பக்கம் ஒண்ணும் கேக்கல்ல!"

ஆலயத்தின் மைக்கைப் பார்த்துக்கொள்ளும் அஜின் அவருடைய இடது தோளருகே வந்து நின்றான்.

"அண்ணா, பெட்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல."

ராபின்சன் திரும்பவில்லை.

"ராபின்சன் அண்ணா!"

ம்ஹூம். தோளைத் தொட்டதும்தான் துள்ளித் திரும்பினார்.

"எலே, நீ எப்ப வந்தா?"

அஜின் விமலகுமாரியைப் பார்த்தான். அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"கர்த்தாவே! கல்யாணம் கழிஞ்ச அண்ணு முதல் அந்த இடது பக்கம் படுத்தாக்கும் நான் இவர ஏசுறேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசாத தங்கமான மனுசன்னுல்லா ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தேன்!"